பொய்ப் பச்சை

பள்ளிக்கூட வாசலில் நான் முதலில் பார்த்தது அந்த ஆளின் இடுப்பில் தொங்கிய பச்சை டேப்பைத்தான். ஒயரிங் வேலைக்காரர். தோளில் ஏணியைச் சாய்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். இடுப்புக் கயிற்றில் கறுப்பு, மஞ்சள், பச்சை என்று டேப் சுருள்களை வளையல் மாதிரி கோத்து மாட்டியிருந்தார். பச்சையைப் பார்த்ததும் நின்று, திரும்பி அவரையே பார்த்தேன். ஊருக்கெல்லாம் அது வெறும் டேப். என் மகளுக்கு அதுதான் வழி.

என் மகளுக்கு எழுத்து நிற்காது. அது அவளே சொன்ன சொல். "நான் பார்க்கும்போதெல்லாம் அது ஓடிடுதும்மா" என்பாள். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். புத்தியில் குறையில்லை, படிக்கிற விதம்தான் வேறு என்றும் சொன்னார். அதை நான் வீட்டில் சொன்னபோது என் நாத்தனார், "சோம்பேறித்தனத்துக்கெல்லாம் இப்ப பேரு வெச்சுடறாங்க அண்ணி" என்றாள். அன்றைக்கு அவளை வாசலோடு அனுப்பியவள்தான், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாவிட்டால் இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

எழுத்து மட்டும் என்றால் பரவாயில்லை. இடது எது வலது எது என்பதும் அவளுக்குக் குழம்பும். போன வருஷம் கழிப்பறையைத் தேடி வராந்தா முழுக்கச் சுற்றி, போர்டைப் படிக்க முடியாமல், யாரையும் கேட்க வெட்கப்பட்டு, கடைசியில் நடுக்கூடத்தில் நின்றபடியே பாவாடையை நனைத்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று நடக்கும் தனி வகுப்பின் டீச்சர் வீட்டுக்கே வந்து, அந்தக் கட்டிலுக்கு அடியில் தானும் படுத்துப் பேசித்தான் அவளை வெளியே கொண்டுவந்தார்.

டேப் யோசனை என்னுடையது. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி நிறம் நிறமான பைகளில் வரும். வெள்ளைப் பை சாதாரணத் துணி, நேராக மெஷினுக்குப் போகும். மஞ்சள் பை தொற்று வார்டு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. "எங்க இடத்துல பாதிப் பேருக்கு எழுதப் படிக்க வராது டீச்சர். பையோட நிறத்தைப் பார்த்துதான் எல்லா வேலையும். ஒருநாள்கூடத் தப்பு நடந்ததில்ல" என்று சொன்னேன். டீச்சர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பச்சை டேப் வந்துவிட்டது. கழிப்பறைக் கதவு, தண்ணீர் அறை, நூலகம், மாடிப்படிக் கைப்பிடி, எங்கெல்லாம் அந்தப் பிள்ளைகள் போகலாமோ அங்கெல்லாம் ஒரு துண்டு பச்சை. போகக் கூடாத இடத்தில் சிவப்பு. தனி வகுப்பில் கத்தரிக்கோல் வைத்திருக்க அனுமதி கிடையாது என்பதால் டீச்சர் டேப்பைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பார். பிள்ளைகள் அவருக்கு டேப் டீச்சர் என்று பேர் வைத்தார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். வகுப்பில் ஒரு விளையாட்டும் வைத்திருந்தார். எல்லோரும் ஓடியாடிக்கொண்டிருக்கும்போது டீச்சர் திடீரென்று "சிவப்பு!" என்று கத்துவார். யார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே சிலையாக நிற்க வேண்டும், தூக்கிய கால் தூக்கியபடி.

என் மகள் நடக்கத் தொடங்கினாள். சுவரில் ஒரு விரல் நகத்தைத் தேய்த்தபடி, சத்தமில்லாமல், தனியாக. அந்த நடையைப் பார்த்துத்தான் நான் அவளைப் பூனை என்று கூப்பிடுகிறேன். அவளுக்கும் அது பிடித்திருக்கிறது.

ஒயரிங்காரரைப் பார்த்த அன்றைக்குப் பள்ளியில் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். லிஃப்ட் வைக்கப் பணம் கொடுப்பவர்கள். தனி வகுப்பை மாடியில் கொண்டுபோய் வைத்த புத்திசாலி யாரென்று எனக்குத் தெரியாது. நடக்க முடியாத ஒரு பையனை அவன் அப்பா தினமும் தூக்கிக்கொண்டு ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் லிஃப்ட். அதற்காகப் பின்பக்க மாடிப்படியை இடித்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் முழுக்கப் புதுப் பெயின்ட், புது ஒயர், தூசி. போர்டுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கீழேயிருந்து சுத்தியல் சத்தம் மேலே வந்துகொண்டே இருந்தது.

விருந்தினர்கள் முன்னால் பூனை தனியாக வகுப்பறையிலிருந்து புறப்பட்டு, வராந்தாவின் கோடியில் இருக்கும் நூலகத்துக்குப் போய், ஒரு படப் புத்தகம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அவளுக்குப் பிறகு எறும்பு. எறும்பு என்றால் வகுப்பிலேயே சின்னவள். ஒழுங்காக வரிசையில் போவாள், ஆனால் முன்னால் யாராவது போக வேண்டும். அவளுக்கு வழி பழக்கிக் கொடுத்ததே பூனைதான்.

மாடி ஏறியதும் டேப் டீச்சரைத் தனியே இழுத்தேன்.

"டீச்சர், கீழ ஒயரிங்காரர் இடுப்புல பச்சை டேப் வெச்சிருக்கார்."

"வெச்சிருந்தா என்னங்க? கரண்ட் வேலைக்கு டேப் வேணும்தானே."

"அவங்க எங்கயாவது ஒட்டிட்டா?"

டீச்சர் என் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷி, ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் பவுடரும் பதற்றமும் அப்பியிருந்தன. "காலையில நானே போய் ஒவ்வொரு கதவா பார்த்துட்டு வந்தேம்மா. பெயின்ட் அடிச்ச இடத்துலெல்லாம் புதுசா ஒட்டியிருக்கேன். நீங்க பயந்தா அவளுக்கும் பயம் ஒட்டிக்கும். போன தடவை ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது. போன தடவை பூனை தனியாகத் தண்ணீர் எடுக்கப் போனபோது மனசு கேட்காமல் பின்னாலேயே பதுங்கிப் போனேன். திரும்பிப் பார்த்துவிட்டாள். "நான் போகமாட்டேன்னு நெனச்சியாம்மா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பல நாள் அவள் எங்கேயும் தனியாகப் போகவில்லை. இனிமேல் பின்னால் வரமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்து வாக்குக் கொடுத்திருந்தேன்.

தலைமை ஆசிரியையிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் விருந்தினர்களுக்கு நாற்காலி போடுவதில் மும்முரமாக இருந்தார். "அம்மா, இன்னைக்கு நல்ல நாள். நல்லதையே நினைங்க" என்றார். நல்லதை நினைத்துக்கொண்டிருந்தால் சலவைக்கூடத்தில் துணிக்குள் கிடக்கும் ஊசி என்றைக்கோ குத்தியிருக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எல்லோரும் உட்கார்ந்தோம். பூனை வாசலில் நின்றாள். இரட்டைப் பின்னல், கஞ்சி போட்ட சட்டை. என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் புறப்பட்டாள். அவள் நகம் சுவரில் உரசும் சத்தம் கேட்டது. வராந்தா திரும்பும் வரைக்கும் கேட்டது.

அப்போதுதான் கீழே சுத்தியல் சத்தம் நின்றது.

காலையிலிருந்து காதைத் துளைத்த சத்தம். அது நின்றதும் கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வேலைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். அப்படியென்றால் அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நகத்தின் சத்தம் கேட்கவில்லை. விருந்தினர்களில் ஒருவர் லிஃப்டின் எடை தாங்கும் சக்தியைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு கதவு காற்றில் மெல்ல ஆடும் சத்தம் வந்தது. திறந்து, மூடி, மறுபடி திறந்து. ஜன்னலோ என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போய்வர ஆகிற நேரம் எனக்குத் தெரியும். அது கடந்துவிட்டது. எழுந்திருக்கப் போனேன். டேப் டீச்சர் தூரத்திலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மறுபடி உட்கார்ந்தேன். ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஓடினால் பிள்ளையின் தைரியம் போகும். உட்கார்ந்திருந்தால் பிள்ளையே போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாற்காலியின் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் அதன் ஆணி கழன்று வந்தது.

வந்துவிட்டாள். கையில் ஒரு யானைப் புத்தகம். முகம் மட்டும் ஒரு மாதிரி சுருங்கி இருந்தது.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்து உடம்பில் உட்கார்ந்தது. பூனை டீச்சரைப் பார்த்து, "டீச்சர், அங்க..." என்றாள்.

"வெரி குட்! வெரி குட்!" என்றார் டீச்சர். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததால் அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

"மேடம், அங்க ஒரு..." என்று தலைமை ஆசிரியையிடம் போனாள். அவர் அவள் வாயில் ஒரு சாக்லேட்டைத் திணித்து விருந்தினர் பக்கம் திருப்பி நிறுத்தினார். ஒருவர் போட்டோ எடுத்தார். இன்னொருவர், "பெரியவளாகி என்ன ஆகப் போறே?" என்று கேட்டார். பூனைக்குப் பேசக் கொஞ்சம் நேரம் வேண்டும். வார்த்தையைத் தேடி எடுத்து, வரிசையில் வைத்து, அப்புறம்தான் பேசுவாள். அந்த நேரத்தை அவளுக்குக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை. எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அதற்குள் எறும்பை அனுப்பிவிட்டார்கள். "பச்சையைப் பார்த்துப் போ கண்ணு" என்று டீச்சர் சொன்னது கேட்டது. எறும்பு தலையைக் குனிந்துகொண்டு குடுகுடுவென்று வராந்தாவில் போனாள்.

பூனை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாக்லேட்டை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அங்க ஒரு பொய்ப் பச்சை இருக்கு."

"என்னடி சொல்றே?"

"நூலகக் கதவுலயும் பச்சை. பக்கத்துக் கதவுலயும் பச்சை. பக்கத்துக் கதவுப் பச்சை டீச்சரோடது இல்ல. ஓரம் நேரா இருக்கு. டீச்சருதுல பல்லு பல்லா இருக்கும். ரொம்ப நேரம் பார்த்துட்டுதான் போனேன்." அப்புறம் சேர்த்துக்கொண்டாள்: "எறும்புக்கு அது தெரியாதும்மா. அவளுக்கு நான் பச்சை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன்."

நூலகத்துக்குப் பக்கத்துக் கதவு. அதைத் திறந்தால் முன்பு பின்பக்க மாடிப்படி இருந்தது. இப்போது படி இல்லை. லிஃப்ட் குழிதான் இருக்கிறது.

நாற்காலி தள்ளிய சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். நான் ஓடினேன். பின்னால் தலைமை ஆசிரியை, "அம்மா, உட்காருங்க, பிள்ளை பயந்துடும்" என்று சொல்வது கேட்டது. வராந்தா ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. சுவரோரம் 'நூலகம்' என்று அம்புக்குறியோடு ஒரு போர்டு இருந்தது. பதற்றத்தில் அதை நம்பி அந்தப் பக்கம் திரும்பினேன். பின்னால் ஓடிவந்த பூனை என் கையைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள்.

"அங்க இல்லம்மா! அந்த போர்டு சும்மா சாய்ச்சு வெச்சது! இந்தப் பக்கம்!"

எழுத்து தெரிந்தவள் நான். எழுத்தை நம்பிப் போயிருப்பேன்.

அவள் என்னை முந்திக்கொண்டு ஓடினாள். நகத்தால் சுவரைத் தொடவில்லை. திருப்பத்தில் போய் நின்றோம். வராந்தாவின் கோடியில், கதவு முழுசாகத் திறந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கதவின் நெற்றியில் நேராக வெட்டிய பச்சைத் துண்டு. வாசலில் எறும்பு நின்றாள். அவளுக்கு முன்னால் வெளிச்சமும் தூசியும் மட்டும்தான். பச்சை ஒட்டிய வாசல் என்றால் நுழையலாம், அவளுக்குப் பழகியது அதுதான். கீழே பார்க்கவே இல்லை. வலது காலைத் தூக்கினாள்.

கத்த வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. ஊர் முழுக்கச் சண்டை போட்ட வாய், அன்றைக்கு வெறும் காற்றாகப் போனது.

"சிவப்பு!"

கத்தியது பூனை. டேப் டீச்சரின் குரலை அப்படியே வைத்துக் கத்தினாள்.

எறும்பு சிலையானாள். தூக்கிய கால் குழியின் மேல், இன்னொரு கால் வாசல் விளிம்பில். விளையாட்டில் ஜெயிப்பவர்கள் நிற்கிற மாதிரி, அசையாமல், மூச்சுகூட விடாமல் நின்றாள். ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும் ஒரு சின்னப் பிள்ளையால்? உடம்பு மெல்ல முன்னால் சாய ஆரம்பித்தது. நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் சட்டையின் முதுகுப்புறத்தைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். என் முழங்கை பட்டு வாசலோரம் கிடந்த செங்கல் துண்டு ஒன்று உள்ளே உருண்டது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் தாமதமாகத்தான் வந்தது.

எறும்பு என் மடியில் கிடந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"ஆன்ட்டி, நான் தப்பாப் போயிட்டேனா? எனக்குக் கைதட்ட மாட்டாங்களா?"

நான் உடைந்துபோனது அப்போதுதான், குழியைப் பார்த்தபோது இல்லை. "இல்லடி என் தங்கமே, நீ சரியாத்தான் போனே. நாங்கதான் தப்பு" என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். விருந்தினர்கள் குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ஒயரிங்காரர் டீ டம்ளரோடு ஓடிவந்தார். என்ன நடந்தது என்று தெரிந்ததும் டம்ளர் கையிலிருந்து நழுவியது. "அக்கா, பச்சை ஒட்டினா அந்தக் கதவுப் பக்கம் கரண்ட் கட் பண்ணியாச்சு, பயமில்லாம வேலை பாக்கலாம்னு எங்க ஆளுங்களுக்கு அடையாளம். ஒயர் இழுக்கத்தான் கதவைத் திறந்து வெச்சோம். இந்தப் பசங்களுக்கும் பச்சைதான்னு ஒருத்தரும் சொல்லலியேக்கா" என்றார். கை கூப்பினார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. இத்தனை பேர் இருந்தும் சொல்லியிருக்க வேண்டியது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தலைமை ஆசிரியை விருந்தினர்களிடம், "சின்னக் குழப்பம், உடனே சரி பண்ணிடறோம்" என்றார். சின்னக் குழப்பமாம். அந்த வார்த்தைக்கு மட்டும் எனக்கு வாய் திரும்பி வந்தது. "அந்தக் குழியில உங்க பேத்தியை நிறுத்திட்டு சின்னதுன்னு சொல்லுங்க மேடம்" என்றேன்.

டேப் டீச்சர் கதவில் இருந்த பச்சைத் துண்டை நகத்தால் உரித்து எடுத்துவிட்டு, சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பூனை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் சொல்ல வந்தேன். நீங்க வெரி குட் சொல்லிட்டீங்க."

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். "இனிமே நீ பேசி முடிச்சப்புறம்தான் நான் எதுவும் சொல்லுவேன். சத்தியமா" என்றார். பூனை தலையாட்டினாள். ஆனால் அவள் கண் டீச்சரைப் பார்க்கவில்லை. எதிரே நூலகக் கதவில் இருந்த பச்சையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றோம். அங்கிருக்கும் சிக்னல் விளக்கைப் பார்த்து நடக்க அவளுக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேன். அவள் தனியாகக் கடக்கக் கற்ற முதல் சாலை அது. சிவப்பு போய்ப் பச்சை மனிதன் எரிந்தான். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். நானும் காலை வைத்தேன். கையில் பிடித்திருந்த கை வரவில்லை.

"வாடி, பச்சை விழுந்துடுச்சு."

பூனை அந்த விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் ஓரத்தைத் தேடுகிற மாதிரி கண்ணைச் சுருக்கினாள்.

"அம்மா, இந்தப் பச்சையை யாரு வெச்சது?"

எனக்குத் தெரியவில்லை. யாரோ வைத்தார்கள், எல்லோரும் நம்பிப் போகிறோம் என்பதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு முன்னே போனார்கள். விளக்கு சிவப்பாகி, வண்டிகள் இரைச்சலோடு பாய்ந்தன. மறுபடி பச்சை வந்தது. நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.